கோயிலுக்கு வெளியே நிற்கும் சொல்: காமிக்ஸ், மத உணர்வு, கருத்துரிமை



அண்ணனின் நினைவுச் சொற்பொழிவில் காமிக்ஸைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றபோது நம் அமைப்புக்குள்ளேயே சிலர் தயங்கினார்கள். ஆணவக்கொலைகள் நடக்கும் காலத்தில், மலக்குழிக்குள் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும் காலத்தில் சூப்பர் ஹீரோ பேச்சு எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை அண்ணனின் படிப்பகத்திலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் தெருவில் அவர் நடத்திய படிப்பகத்தில், அம்பேத்கர் நூல்கள் அடுக்கிய பலகைக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள். அட்டை கிழிந்தவை, நடுப்பக்கம் காணாமல் போனவை. அந்தப் படக்கதைகளில் கோபம் கொண்ட ஒருவன் வாயிலிருந்து கிளம்பும் குமிழுக்குள் சில நேரம் எழுத்தே இருக்காது. சுருள், நட்சத்திரம், மண்டையோடு, மின்னல் என்று குறிகள் மட்டும் இருக்கும். "இது என்னண்ணே?" என்று கேட்டோம். "கெட்ட வார்த்தைடா. அச்சடிக்கக் கூடாதுன்னு படமாப் போட்டிருக்கான். உங்களுக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தையைப் போட்டுப் படிச்சுக்கங்க" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நாங்களும் விளையாட்டாகத்தான் நிரப்பினோம். எங்களில் பாதிப்பேர் நிரப்பியது எங்கள் சாதியின் பெயரை. ஊர்த்தெருவிலும் டீக்கடையிலும் பள்ளி மைதானத்திலும் கோபம் வந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சொன்ன சொல் அதுதான். எங்களுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அதுதான். அண்ணன் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்றைய பேச்சு அந்தக் குமிழைப் பற்றியது. எந்தச் சொல் அச்சில் வரக்கூடாது என்று யார் முடிவு செய்கிறார்கள்? யாருக்கு வலித்தால் அது 'புண்பட்ட உணர்வு' ஆகிறது? யாருக்கு வலித்தால் அது யார் காதிலும் விழாமல் போகிறது? சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் இந்தக் கேள்விகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம். பிறகு நம் பக்கம் திரும்புவோம்.

வேர்வைத் துளிகள்

1954. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் செனட் துணைக்குழு ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. அரசு சட்டம் கொண்டுவந்துவிடுமோ என்று பயந்த பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை நெறியை எழுதிக்கொண்டார்கள். அதன்படி வசைச்சொல்லும் ஆபாசமும் கூடாது. எந்த மதத்தையும் எந்த இனத்தையும் கேலி செய்யக்கூடாது. நெறியின் முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் தொட மாட்டார்கள். அரசு ஒரு வரிகூடச் சட்டம் எழுதாமல் தணிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டது.

வெர்தாமை வில்லனாகச் சித்திரிப்பது சுலபம். ஆனால் அவர் 1946இல் ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக மனநல மருத்துவமனை தொடங்கியவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை பிள்ளைகளை எப்படிக் காயப்படுத்துகிறது என்று அவர் அளித்த சாட்சியம் நிறப்பிரிவினைக்கு எதிரான வழக்கில் பயன்பட்டது. காமிக்ஸில் கறுப்பு மனிதர்களை இழிவாக வரைவதையும் அவர் கண்டித்தார். நல்லெண்ணம் கொண்ட மனிதர், நியாயமான கோபம். அந்தக் கோபத்தில் இருந்து ஒரு கருவி பிறந்தது. அந்தக் கருவி யார் கைக்குப் போனது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஈசி காமிக்ஸ் என்ற நிறுவனம் 1953இல் 'தீர்ப்பு நாள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கதை வெளியிட்டது. எழுதியவர் அல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. இது சூப்பர் ஹீரோ கதை இல்லை, விண்வெளிக் கதை. ஆனால் அதே தணிக்கைக்கு உட்பட்டது. பூமியிலிருந்து ஓர் அதிகாரி எந்திர மனிதர்கள் வாழும் கோளுக்குப் போகிறார். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்களுக்கு எல்லா வசதியும் உண்டு. நீல நிற எந்திரங்களுக்குத் தனிக் குடியிருப்பு, பேருந்தில் பின்னிருக்கை. பிரித்துப் பார்த்தால் மேல்தகட்டின் நிறத்தைத் தவிர உள்ளே ஒரு வித்தியாசமும் இல்லை. உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு அதிகாரி விண்கலம் ஏறுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பு மனிதர். முகத்தில் வேர்வைத் துளிகள் மின்னுகின்றன.

தணிக்கை வந்த பிறகு, 1956ஆம் ஆண்டு தேதியிட்ட இதழில் இதை மறுபடி அச்சிட முயன்றார்கள். தணிக்கை அதிகாரி சார்லஸ் மர்ஃபி ஒரு நீதிபதி. அந்த மனிதர் கறுப்பாக இருக்கக்கூடாது என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ், பத்திரிகையாளர்களைக் கூட்டி இதைச் சொல்வேன் என்று மிரட்டினார். சரி, வேர்வைத் துளிகளையாவது எடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் பின்னாளில் சொன்னபடி, இருவரும் தொலைபேசியில் சேர்ந்தே ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கத்தினார்கள். கதை மாற்றமில்லாமல் வந்தது. ஈசியின் கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான்.

எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவன் மிசிசிப்பியில் அடித்துக் கொல்லப்பட்டது 1955இல். அந்தக் காலத்தில், எந்த இனத்தையும் கேலி செய்யக்கூடாது என்று எழுதி வைத்த நெறியின் பெயரால் ஒரு கறுப்பு முகத்தின் வேர்வையை அழிக்கச் சொன்னார்கள். அந்த உரையாடலில் நாகரிகமாகப் பேசியவர் நீதிபதி. வசைச்சொல் பேசியவர்கள் மற்ற இருவர். அறம் யார் பக்கம் இருந்தது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறோம்.

படிக்காமலே புண்பட்டவர்கள்

1989இல் டிசி நிறுவனத்தின் 'ஸ்வாம்ப் திங்' தொடரில், காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்யும் நாயகன் இயேசுவைச் சந்திப்பதாக ரிக் வீச் எழுதினார். ஒப்புதல் கொடுத்த நிறுவனமே கடைசி நேரத்தில் பின்வாங்கியது. 'கிறிஸ்துவின் கடைசிச் சபலம்' படத்துக்கு எதிராக அமெரிக்காவில் பெரும் போராட்டங்கள் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வீச் தொடரை விட்டே விலகினார்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே கதை மறுபடி நடந்தது. மார்க் ரஸ்ஸல் எழுதி, ரிச்சர்ட் பேஸ் வரைந்த 'செகண்ட் கம்மிங்' 2019 மார்ச்சில் டிசியின் வெர்டிகோ வரிசையில் வரவிருந்தது. தன் பெயரால் மனிதர்கள் செய்து வைத்திருப்பதைப் பார்த்து வருந்தும் இயேசு, சன்ஸ்டார் என்ற சூப்பர் ஹீரோவோடு ஒரே வீட்டில் தங்குகிறார். எதையும் குத்துவிட்டுத் தீர்க்கும் நாயகனுக்கும், அடிப்பதில் நம்பிக்கையற்ற இயேசுவுக்கும் நடக்கும் உரையாடல்தான் கதை. ஸ்பெயினைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டிசன்கோ என்ற அமைப்பு இது தெய்வ நிந்தனை என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. அப்போது ஓர் இதழ்கூட வெளிவந்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் எதிர்த்தது ஒரு விளம்பரக் குறிப்பை. டிசி கைவிட்டது. ரஸ்ஸல் உரிமையைத் திரும்பப் பெற்றார். ஜூலையில் அஹோய் காமிக்ஸ் என்ற சிறிய பதிப்பகம் அதை வெளியிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனுவில் கையெழுத்துப் போடுவதும் கருத்துரிமைதான். பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையினர். அந்தக் காமிக்ஸ் வந்ததால் எந்தக் கிறிஸ்தவரும் வீட்டை இழக்கப் போவதில்லை, வேலையை இழக்கப் போவதில்லை, தண்ணீர் மறுக்கப்படப் போவதில்லை. கோபித்தவர்களிடம் எண்ணிக்கை இருந்தது. அந்த எண்ணிக்கையை ஒரு பெரிய நிறுவனம் வியாபாரக் கணக்காகப் படித்துக்கொண்டது. அரசியல் சட்டம் பேச்சுரிமையைக் காக்கும் நாட்டில், சட்டத்தைத் தொடாமலே ஒரு பெரிய நிறுவனத்தின் கதவை அடைக்க முடிந்தது.

கெட்ட வார்த்தையே இல்லாத வெறுப்பு

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வு. 2017 ஏப்ரலில் மார்வெல் நிறுவனத்தின் 'எக்ஸ்மென் கோல்ட்' முதல் இதழ் வந்தது. அதில் ஒரு பாத்திரத்தின் சட்டையில் 'க்யூஎஸ் 5:51' என்று எழுதியிருந்தது. பின்னணியில் 212 என்ற எண். அமெரிக்க வாசகர்களுக்கு இதில் ஒன்றும் உறைத்திருக்காது. இந்தோனேசியாவில் உடனே புரிந்தது. ஜகார்த்தாவின் ஆளுநர் அஹோக் சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். முஸ்லிம் அல்லாதவரைத் தலைவராக ஏற்கக்கூடாது என்று பிரசாரம் செய்தவர்கள் காட்டிய குர்ஆன் வசன எண்தான் 5:51. அவருக்கு எதிராக ஜகார்த்தாவில் லட்சக்கணக்கானோர் திரண்ட நாள் 2016 டிசம்பர் 2. அதைச் சுருக்கி 212 என்பார்கள். இதழை வரைந்த இந்தோனேசிய ஓவியர் அர்தியன் ஷியாஃப் இவற்றைப் படத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார். மார்வெல் அவரோடு உறவை முறித்துக்கொண்டு, பின்வந்த பதிப்புகளில் அந்தக் குறிகளை நீக்கியது. அடுத்த மாதமே அஹோக்குக்கு மத நிந்தனை வழக்கில் இரண்டாண்டுச் சிறை.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எக்ஸ்மென் பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. இருப்பது ஒரு வேதத்தின் வசன எண். புனிதமான எண். ஆனால் அது ஒரு சிறுபான்மை மனிதனைத் துரத்தும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. 'செகண்ட் கம்மிங்' ஒரு கடவுளோடு விளையாடியது, ஆனால் எந்த மனிதனையும் துரத்தவில்லை. புண்பட்ட உணர்வை மட்டும் அளவுகோலாக எடுத்தால் முதலாவது தப்பித்துவிடும், இரண்டாவது மாட்டிக்கொள்ளும். நம் அளவுகோல் வேறாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் பிறகு யாருடைய வீட்டுக் கதவு தட்டப்படுகிறது என்று கேட்கும் அளவுகோல்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். 2008இல் பேட்மேன் இதழ் ஒன்றில் வசைச்சொற்கள் மேல் அடித்த கறுப்புப் பட்டை சரியாக மறைக்கவில்லை. உள்ளே இருந்த எழுத்துகள் தெரிந்தன. கடைக்காரர்கள் பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று டிசி கேட்டுக்கொண்டது. ஒரு சொல் மங்கலாகத் தெரிந்ததற்கே அவ்வளவு பதற்றம்.

அதே டிசி 1985இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற புகழ்பெற்ற தொடரைத் தொடங்கியது. அதில் ஒரு பாத்திரம். தன் தவறால் உலகங்கள் அழிகின்றன என்று நம்பி, ஒவ்வோர் உலகம் சாகும்போதும் அங்கே இழுத்துச் செல்லப்பட்டு, எதையும் தடுக்க முடியாமல் நின்று அழுபவன். அவன் பெயர் 'பறையா'. ஆங்கிலத்தில் 'பரையா' என்று உச்சரிப்பார்கள். நம் மக்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக ஆங்கிலத்துக்குள் போய், எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் அகராதியில் உட்கார்ந்துகொண்டது. சிரியாவையோ வடகொரியாவையோ திட்ட இன்றும் பத்திரிகைகள் அதைத்தான் எழுதுகின்றன. வசைச்சொல்லைத் தேடித் தேடிக் கறுப்புப் பட்டை அடித்த தொழிலில், இந்தச் சொல் வசை என்று யாருக்கும் தோன்றவில்லை. தமிழில் 'சண்டாளன்' என்று படத்திலும் பாட்டிலும் சொல்லும்போது, அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அரசு அட்டவணையில் உள்ள ஒரு பெயர் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

சமூகவியல் மாணவர்கள் எமில் துர்க்கெய்மைப் படித்திருப்பீர்கள். 1912இல் வந்த மதம் பற்றிய நூலில், புனிதம் என்பது விலக்கி வைத்துக் காக்கப்படுவது, மற்றதெல்லாம் அதற்கு வெளியே இருப்பது என்று பிரிக்கிறார். ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையைக் குறிக்கும் 'ப்ரொஃபேனிட்டி' என்ற சொல்லின் லத்தீன் வேர் நமக்கு இன்னும் நெருக்கமானது. 'கோயிலுக்கு வெளியே' என்பதுதான் அதன் பொருள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய 1939 ஆக வேண்டியிருந்தது. அதுவரை, அந்த வேர்ச்சொல்லின் நேர்ப்பொருளில், நாமே அந்தக் கெட்ட வார்த்தை. அதனால்தான் சொல்கிறோம்: புனிதத்தைக் காக்கக் கட்டும் எந்தச் சுவரும் யாரையோ வெளியே நிறுத்தித்தான் கட்டப்படுகிறது. அந்தச் சுவருக்கு நாம் செங்கல் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

நம் கணக்கு

எடுத்துக் கொடுத்திருக்கிறோமா? இந்த மேடையில் அதையும் பேசாவிட்டால் அண்ணன் மன்னிக்க மாட்டார்.

இந்தியாவில் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய 295ஏ பிரிவு 1927இல் வந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299. அதே 1927இன் டிசம்பர் 25 அன்று மகாதில் பாபாசாகேப் முன்னிலையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்தச் சட்டப்பிரிவைத் தூக்கிப் பிடிப்பவர்களின் கண்ணுக்கு மகாத் தீயும் நிந்தனைதான். 1987இல் மகாராஷ்டிர அரசு பாபாசாகேபின் 'இந்துமதத்தின் புதிர்கள்' நூலை வெளியிட்டபோது, ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி சிவசேனா கிளம்பியது. நம் மக்கள் பம்பாய்த் தெருக்களை நிறைத்தார்கள். பகுதி தப்பியது, இந்தக் கருத்துகளை அரசு ஏற்கவில்லை என்ற குறிப்போடு. கருத்துரிமைக்காக நம் மக்கள் நடத்திய பெரும் போராட்டம் அது.

25 ஆண்டுகள் கழித்து, 2012 மே. 11ஆம் வகுப்புப் பாடநூலில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம். அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் பாபாசாகேப் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார். நாடாளுமன்றம் கொதித்தது. நம் தலைவர்கள் கொதித்தார்கள். நாங்களும் கொதித்தோம், தெருவில் நின்றோம். அந்தக் கோபத்தை இன்றும் பொய் என்று சொல்ல மாட்டோம். வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு தலித் பிள்ளை, மற்றவர்கள் சிரிக்கும்போது அந்தச் சாட்டையை எப்படிப் பார்க்கும் என்பது உண்மையான கேள்வி. ஆனால் நாம் கேட்ட தீர்வு என்ன? நீக்கு என்றோம். மறுநாள் புனேயில் பாடநூல் ஆலோசகர் சுகாஸ் பல்ஷிகரின் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது, பாபாசாகேபின் பெயரைச் சொல்லி. பின்னர் அமைத்த குழு, அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்த வேறு பல சித்திரங்களையும் எடுக்கச் சொன்னது. குழுவில் இருந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். நம் வலியைக் காட்டி நாடாளுமன்றம் தன் முகத்தை மறைத்துக்கொண்டது. வெர்தாமின் கோபம் மர்ஃபியின் கையில் போய்ச் சேர்ந்தது போலத்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுவிடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. அங்கே உயிருள்ள ஒரு மனிதர் நிற்கிறார். சொல்லுக்குப் பின்னால் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, அடியாள் இருக்கிறார். அந்தப் பிரிவில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் நம் அம்பேத்கர் சிலைகளும் அப்படித்தான். இரவில் சிலையின் கையை உடைப்பவன் கல்லோடு பேசவில்லை, எங்கள் தெருவோடு பேசுகிறான். அது மிரட்டல்.

ஆனால் அதே சட்டத்தின் 3(1)(வி), பட்டியல் சாதியினர் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவரை அவமதிப்பதையும் குற்றம் என்கிறது. கூண்டுச் சிலையின் காலத்தில் அது ஏன் வந்தது என்பது நமக்குத் தெரியும். என்றாலும் ஒரு கேலிச்சித்திரக்காரர் மீது, ஓர் ஆய்வு மாணவர் மீது, நாளை நம்மிலேயே பாபாசாகேபோடு முரண்படும் ஓர் எழுத்தாளர் மீது அதை ஏவும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும். கேள்விக்கு அப்பாற்பட்ட கடவுளாகத் தம்மை வைக்கச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தலைவர் வழிபாடு சர்வாதிகாரத்துக்கு வழி என்று அரசியல் நிர்ணய சபையிலேயே எச்சரித்தவர் அவர்.

ஆகவே இந்த மேடையிலிருந்து நாம் எடுக்கும் நிலை இது. கடவுளின் மானத்துக்காகவும் தலைவரின் மானத்துக்காகவும் ஒரு புத்தகத்தை நிறுத்தச் சொல்லி நாம் கேட்க மாட்டோம். மனிதரின் மானத்துக்காக வழக்கும் போடுவோம், தெருவிலும் நிற்போம். பிடிக்காத படத்துக்கு எதிராக எழுதுவோம், பாடம் நடத்துவோம், வேறு படம் வரைவோம்.

வேறு படம் வரைவது வெறும் பேச்சில்லை. 2011இல் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 'பீமாயணா'வை வரைந்தார்கள். தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமின் கதையை மீனும் மயிலும் சொல்கின்றன. அதில் கட்டங்களே இல்லை. ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்றார்கள் அந்த ஓவியர்கள். அதே ஆண்டில் ஜோதிராவ் புலேயின் 'குலாம்கிரி'யை அடியொற்றி ஸ்ரீவித்யா நடராஜன் எழுத, அபராஜிதா நினன் வரைந்த படக்கதையும் வந்தது. புலே 1873இல் அவதாரங்களைக் கிழித்துப் போட்டதை அது படமாக்கியது. மத உணர்வு புண்படும் என்று யாராவது நிறுத்தியிருந்தால், நம் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் கிடைத்திருக்காது.

அண்ணனின் தகரப்பெட்டி இப்போது நம் மன்ற அலுவலகத்தில் இருக்கிறது. அதில் 'பீமாயணா'வையும் வைத்திருக்கிறோம். கூடவே வெற்றுத்தாள்களையும் வண்ணப் பென்சில்களையும் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து வரைகிறார்கள். போன வாரம் ஒரு பெண் பிள்ளை வரைந்த கதையில் கோபக்காரன் ஒருவன் வந்தான். அவன் குமிழுக்குள் சுருளும் மின்னலும் போட்டிருந்தாள். உள்ளே என்ன வார்த்தை பாப்பா என்று கேட்டோம். "அவன் பேரைத்தான் எழுதியிருக்கேன். அவன் அவனையே திட்டிக்கிறான்" என்றாள்.

அந்தப் பிள்ளையின் பென்சிலை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.